லிங்க்ட்இன் கணக்கு மாணவருக்கு எதற்கு?

பொறியியல் கல்லூரிகளில் மூன்றாம் ஆண்டு வந்ததும் பிளேஸ்மென்ட் பயிற்சி வகுப்பில் ஒரு கட்டளை வரும்: "எல்லாரும் லிங்க்ட்இன்ல அக்கவுன்ட் ஓப்பன் பண்ணிடுங்க." தொழில் தொடர்புகளுக்கான அந்தச் சமூக வலைத்தளத்தில் வகுப்பு முழுவதும் அன்றைக்கே கணக்கு திறந்துவிடும். பக்கத்து பெஞ்சில் இருப்பவருக்குக் கோரிக்கை போகும். விடுதி நண்பர்கள் எல்லாரும் ஒருவரோடு ஒருவர் இணைந்துகொள்வார்கள். கல்லூரி விழாவில் எடுத்த படம் ஒன்றை வெட்டி முகப்பில் வைப்பார்கள். அப்புறம் கடைசி செமஸ்டர் வரைக்கும் அந்தப் பக்கம் பெரும்பாலானவர்கள் போவதில்லை. போகிறவர்களும் யாரோ ஒருவருக்கு வேலை கிடைத்த செய்தியைப் படித்துவிட்டு மனம் சோர்ந்து வெளியே வருகிறார்கள். 'இதனால யாருக்கு என்ன கிடைச்சுது?' என்று மாணவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

கிடைக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். அதிலும், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய பிள்ளைக்குத்தான் அதிகம் கிடைக்கும். ஆனால் வேலை விளம்பரத்தைத் தேடி அங்கே போகிற மாணவருக்குப் பெரும்பாலும் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஆட்களைத் தேடிப் போகிறவருக்கே அந்தத் தளம் உதவுகிறது. ஏன் அப்படி என்று புரிய, அது யாருக்காகக் கட்டப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

லிங்க்ட்இன் 2003 மே மாதம் அமெரிக்காவில் பயன்பாட்டுக்கு வந்தது. ரீட் ஹாஃப்மனும் அவருடைய கூட்டாளிகளும் அதைத் தொடங்கியபோது மாணவர்களுக்கென்று அதில் எதுவும் கிடையாது. ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் தங்கள் தொழில் தொடர்புகளை ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளும் தளமாகத்தான் அது இருந்தது. கல்லூரிகளுக்குத் தனிப் பக்கம் கொடுத்து, பள்ளி முடிக்காத பிள்ளைகளும் சேரலாம் என்று கதவைத் திறந்தது 2013இல். இப்போது கணக்கு தொடங்கக் குறைந்தபட்ச வயது 16. 2016இல் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை 2,620 கோடி டாலருக்கு வாங்கியது. இன்று உலகம் முழுக்க 100 கோடிக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவில்தான் அதிகம், 10 கோடிக்கும் மேல்.

இவர்களில் பெரும்பாலானவர்கள் ஒரு ரூபாய்கூடக் கட்டுவதில்லை. அப்படியானால் தளத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? பெரும்பங்கு ஆள் எடுக்கும் நிறுவனங்களிடமிருந்து வருகிறது. எச்ஆர் துறையினர் கட்டணம் கட்டித் தேடல் வசதியை வாங்குகிறார்கள். ஜாவா, நான்கு வருட அனுபவம், சென்னை என்று போட்டுத் தேடினால் பொருந்துகிறவர்களின் பட்டியல் வந்து நிற்கும். அனுபவம் என்ற இடத்தில் பூஜ்யம் உள்ள மாணவர் அந்தப் பட்டியலில் வரப்போவதில்லை. 'ப்ரொஃபைலை நல்லா வச்சா கம்பெனிக்காரங்களே தேடி வருவாங்க' என்று பயிற்சி வகுப்பில் சொல்வது வேலையில் இருப்பவர்களுக்குப் பொருந்தும். படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு அநேகமாகப் பொருந்தாது.

ஃப்ரெஷர்களை நம் ஊரில் எடுக்கும் வழியே வேறு. பெரிய ஐடி நிறுவனங்கள் கல்லூரிக்கே வந்து மொத்தமாக எடுக்கின்றன. இல்லையென்றால் டிசிஎஸ்ஸின் என்க்யூடி போல நாடு முழுவதற்கும் ஒரு தேர்வு வைத்து வடிகட்டுகின்றன. அங்கே ஆப்டிட்யூட் மதிப்பெண், கோடிங் சுற்று, அரியர் இல்லாத மார்க் ஷீட் இவைதான் பேசும். லிங்க்ட்இன் பக்கத்தை அந்தக் கட்டத்தில் யாரும் திறந்து பார்ப்பதில்லை.

சரி, தளத்திலேயே வேலை விளம்பரங்கள் இருக்கின்றனவே, விண்ணப்பிக்கலாமே என்றால், விண்ணப்பிக்கலாம். ஆனால் 'ஈஸி அப்ளை' பொத்தானை அழுத்துவது எல்லோருக்கும் எளிது. 2025 நடுவில் லிங்க்ட்இனில் நிமிடத்துக்குச் சராசரியாக 11,000 விண்ணப்பங்கள் போய்க்கொண்டிருந்தன. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் ரெஸ்யூமேயை எழுதிக் கொடுத்து, விண்ணப்பத்தையும் தாமே அனுப்பத் தொடங்கிவிட்டன. இந்த வெள்ளத்தில் ஒரு மாணவர் இருநூறு முறை பொத்தானை அழுத்திவிட்டு 'நானும் முயற்சி பண்ணிட்டேன்' என்று நினைத்துக்கொள்வது எனக்குக் கவலை தரும் விஷயம். நேரமும் போகிறது. பதில் வராதபோது தன்மீதே நம்பிக்கையும் குறைகிறது.

தூரத்துப் பழக்கத்தின் பலன்

அப்படியானால் பயன் எங்கே இருக்கிறது? அதற்கு இணையமே இல்லாத காலத்து ஆய்வு ஒன்றிலிருந்து ஆரம்பிக்கலாம். மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், பாஸ்டனை ஒட்டியுள்ள நியூட்டன் என்ற ஊரில் அண்மையில் வேலை மாறியவர்களைத் தேடிப் பிடித்து, இந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று விசாரித்தார். தெரிந்தவர் மூலமாகக் கிடைத்தது என்று சொன்னவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்றும் கேட்டார். வாரத்துக்கு இரண்டு முறையாவது பார்ப்போம் என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்போம் என்றவர்கள் 55.6 சதவீதம். வருடத்துக்கு ஒரு முறை அல்லது அதற்கும் குறைவு என்றவர்கள் 27.8 சதவீதம். 1973இல் அவர் எழுதிய கட்டுரையில் வந்த கணக்கு இது.

காரணம் யோசித்தால் எளிதில் விளங்கும். தினமும் நம்மோடு சாப்பிட்டு, நம்மோடு பேருந்தில் வருகிற நண்பனுக்குத் தெரிந்த செய்தியெல்லாம் நமக்கும் தெரிந்ததுதான். எங்கோ ஓசூரிலோ பெங்களூரிலோ இருக்கும் பழைய சீனியருக்குத் தெரிவது நம் வட்டத்தில் யாருக்கும் தெரியாது.

இது அமெரிக்கச் சின்ன ஊர் ஒன்றின் கதை, இணையத்துக்கும் பொருந்துமா என்ற கேள்வி நீண்ட நாள் இருந்தது. 2022இல் சயன்ஸ் இதழில் அதற்குப் பதில் வந்தது. லிங்க்ட்இன் தன் பயனர்களுக்கு 'இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்' என்று காட்டும் பரிந்துரைகளை 2015 முதல் 2019 வரை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தது. சிலருக்கு நெருக்கமானவர்களையும் சிலருக்குத் தூரத்து ஆட்களையும் அதிகம் காட்டியது. சுமார் 2 கோடிப் பேர், புதிதாக உருவான 200 கோடித் தொடர்புகள், 6 லட்சம் புது வேலைகள் என்று தரவு குவிந்தது. அந்தச் சோதனை நடப்பது பயனர்களுக்குத் தெரியாது. அதுபற்றிக் கண்டனம் எழுந்தது, அது சரியான கண்டனமும்கூட. முடிவு என்னவென்றால், தூரத்துப் பழக்கம்தான் வேலைக்கு அதிகம் உதவியது. அதிலும் ஓரளவு தூரத்தில் இருப்பவர்களே நன்றாக உதவினார்கள். பொதுவான நண்பர் யாருமே இல்லாத முற்றிலும் அந்நியர்கள் அவ்வளவு உதவவில்லை.

ஒரு மாணவருக்கு இந்த 'ஓரளவு தூரம்' யார் என்று யோசித்துப் பாருங்கள். அதே கல்லூரி, அதே துறை, நான்கைந்து வருடம் முன்னால் முடித்தவர். நேரில் பார்த்ததில்லை. ஆனால் அதே லேபில் அதே பழுதான இயந்திரத்தோடு போராடியவர், அதே எச்ஓடியிடம் கையெழுத்துக்காக நின்றவர். இந்த ஒட்டுறவு போதும், ஒரு கேள்வி கேட்பதற்கு.

இன்னொரு ஆய்வு நம் மாணவர்களுக்கு மேலும் நெருக்கமானது. தென்னாப்பிரிக்காவில் வேலை தேடும் ஏழை இளைஞர்களுக்கு நடக்கும் பயிற்சித் திட்டம் ஒன்றில், லாரல் வீலர், ராபர்ட் கார்லிக் உள்ளிட்ட பொருளியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். சுமார் 1,600 பேர். சில பிரிவுகளுக்கு வழக்கமான பயிற்சியோடு லிங்க்ட்இனை எப்படிப் பயன்படுத்துவது என்று சில மணி நேரம் கூடுதலாகச் சொல்லிக்கொடுத்தார்கள். மற்றப் பிரிவுகளுக்கு வழக்கமான பயிற்சி மட்டும். பயிற்சி முடிந்தபோது வழக்கமான பிரிவில் நூற்றுக்கு 70 பேருக்கு வேலை கிடைத்திருந்தது என்றால், லிங்க்ட்இன் சொல்லிக்கொடுத்த பிரிவில் 77 பேருக்கு. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் அந்த வித்தியாசம் குறையாமல் இருந்தது.

ஏழு பேர் என்பது கேட்பதற்குச் சிறிய எண்ணாகத் தோன்றலாம். சில மணி நேரப் பயிற்சிக்கு அது பெரிய பலன். அது எப்படி நடந்தது என்பது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. அந்த இளைஞர்கள் தளத்தை வைத்து நிறுவனங்களைப் பற்றித் தகவல் சேகரித்தார்கள், அதுதான் பலனுக்குக் காரணமாக இருந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எந்த நிறுவனம் என்ன செய்கிறது, அங்கே எப்படிப்பட்டவர்களை எடுக்கிறார்கள் என்பது தெரிந்தவர்கள் முன்னேறினார்கள்.

முதல் பட்டதாரிக்கு இல்லாதது

தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2021-22 கணக்குப்படி 47 சதவீதம். இந்தியச் சராசரி 28.4தான். இந்த இடத்துக்கு வருவதற்குப் பல திட்டங்கள் உதவின. அவற்றில் ஒன்று, குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்வியில் கிடைக்கும் கல்விக் கட்டணச் சலுகை. தாசில்தார் அலுவலகத்தில் முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்க அலைந்த அனுபவம் பல வீடுகளில் இருக்கும்.

கட்டணத்தை அரசு பார்த்துக்கொண்டது. ஆனால் அந்தப் பிள்ளைக்கு இல்லாத இன்னொன்றைச் சலுகையால் கொடுக்க முடியாது. நகரத்தில் வசதியான வீட்டுப் பையனுக்கு அத்தை மகன் ஒருவர் வங்கியில் டேட்டா அனலிஸ்டாக இருப்பார். அப்பாவின் நண்பர் கார் கம்பெனியில் மேனேஜராக இருப்பார். சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே எந்தப் படிப்புக்கு எந்த வேலை, எங்கே சம்பளம் ஏறும், எந்தச் சான்றிதழ் வெறும் காகிதம் என்பதெல்லாம் காதில் விழுந்துவிடும். விழுப்புரம் பக்கத்து விவசாயி மகளுக்கு அந்தப் பேச்சு வீட்டில் நடக்காது. அவளுக்கு மதிப்பெண் இருக்கும், உழைப்பு இருக்கும். 'எம்பெடட்' என்று ஒரு துறை இருக்கிறது, கோயம்புத்தூரிலேயே அதற்கு ஆள் எடுக்கிறார்கள் என்பது மட்டும் தெரியாது. யாரைக் கேட்பது என்றும் தெரியாது.

இந்த இடைவெளியை நிரப்புவதற்குத்தான் இந்தத் தளம் மாணவருக்குத் தேவை. மற்ற பயன்களெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம்.

வழி எளிது. கல்லூரியின் லிங்க்ட்இன் பக்கத்துக்குள் முன்னாள் மாணவர்களுக்கென்று ஒரு பகுதி இருக்கும். அதில் ஊர், நிறுவனம், வேலைவகை, படித்த ஆண்டு என்று வடிகட்டிப் பார்க்கலாம். உங்கள் கல்லூரியில் ஈசிஇ படித்தவர்கள் எத்தனை பேர் உண்மையில் எலக்ட்ரானிக்ஸ் துறையில் இருக்கிறார்கள், எத்தனை பேர் ஐடிக்குப் போனார்கள், எத்தனை பேர் வங்கியில் இருக்கிறார்கள் என்பது அரை மணி நேரத்தில் புலப்படும். கல்லூரி அச்சடிக்கும் விளம்பரத் தாளில் இருக்கும் பெரிய நிறுவனங்களின் சின்னங்களைவிட இது உண்மைக்கு நெருக்கமான படம். நான்காண்டுக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே, சேரப்போகும் கல்லூரியைப் பற்றி இப்படிப் பார்த்துவிடலாம். கவுன்சலிங் நேரத்தில் பெற்றோருக்கு இதைக் காட்டுங்கள் என்று பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களிடம் நான் சொல்வதுண்டு.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் படித்தவர்களில் கணிசமானவர்கள், கல்லூரிப் பெயரை விட்டுவிட்டு 'அண்ணா யுனிவர்சிட்டி' என்றே போட்டுவிடுகிறார்கள். பட்டம் கொடுத்தது அதுதான், பெயரும் பெரியது. ஆனால் அதனால் அவர்கள் தங்கள் சொந்தக் கல்லூரியின் பட்டியலில் வருவதில்லை. மதுரைப் பக்கத்துக் கல்லூரி மாணவர் தேடினால் தன் சீனியர்களில் பலர் கண்ணில் படவே மாட்டார்கள். கல்லூரிப் பெயரைத் தேடல் பெட்டியில் தனியாக எழுதியும், துறைப் பேராசிரியர்களின் தொடர்புகளுக்குள் நுழைந்தும் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆளைக் கண்டுபிடித்த பிறகு என்ன எழுதுவது? இங்கேதான் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுகிறார்கள். இரண்டு வருட சீனியருக்கு 'ரெஸ்பெக்டட் சார்' என்று ஆரம்பித்து, நான்கு பத்தி எழுதி, கடைசியில் 'எனக்கு ஒரு ரெஃபரல் கிடைக்குமா' என்று முடிக்கிறார்கள். ரெஃபரல், அதாவது ஊழியர் ஒருவர் தன் நிறுவனத்துக்கு உங்களைப் பரிந்துரைப்பது, எப்படி நடக்கிறது என்று யாரும் சொல்லித்தராததால் வரும் தவறு இது. நிறுவனத்துக்குள் ஒரு குறிப்பிட்ட காலியிடத்துக்கு ஓர் எண் இருக்கும். அந்த எண்ணோடு சேர்த்துத்தான் ஊழியரால் ஒருவரின் ரெஸ்யூமேயை உள்ளே பதிவேற்ற முடியும். ஃப்ரெஷருக்கான இடமே திறக்கவில்லை என்றால் அந்த சீனியரால் எதுவும் செய்ய முடியாது. எந்த வேலை என்றே சொல்லாமல் ரெஃபரல் கேட்டால் அவர் என்ன பதில் போடுவார்? பேசாமல் விட்டுவிடுவார்.

கேள்வி கேட்டால் பதில் வரும் வாய்ப்பு அதிகம். "வணக்கம் அக்கா, நான் நம்ம காலேஜ் மெக்கானிக்கல் மூணாம் வருஷம். நீங்க டிசைன்ல இருக்கறதைப் பாத்தேன். கேம்பஸ்ல எங்களுக்கு ஐடி மட்டும்தான் வருது. டிசைனுக்கு வர என்ன சாஃப்ட்வேர் கத்துக்கிட்டீங்க, எங்க ஆரம்பிச்சீங்க?" இவ்வளவு போதும். இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய கேள்வி, கேட்பவர் யார் என்பதும் தெளிவு. இலவசக் கணக்கில் கோரிக்கையோடு குறிப்பு எழுதி அனுப்ப மாத வரம்பு இருக்கிறது, அதனால் யாருக்கு அனுப்புகிறோம் என்று யோசித்தே அனுப்ப வேண்டும். பத்துப் பேரில் இரண்டு மூன்று பேர் பதில் போட்டாலே அது நல்ல அறுவடை. ஆங்கிலம் தடையாக இருக்கிறது என்று தயங்குகிறவர்கள் தமிழிலேயே எழுதலாம். நம் கல்லூரி சீனியருக்குத் தமிழ் தெரியும். தங்கிலீஷில் எழுதினாலும் தப்பில்லை. ப்ரொஃபைல் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கட்டும்.

ப்ரொஃபைலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'ஆஸ்பைரிங்', 'பேஷனேட்' என்று அடுக்குவதைவிட, செய்த ஒரு ப்ராஜெக்டை நாலு வரியில் நேராக எழுதினால் போதும். என்ன பிரச்சினை, நான் செய்த பகுதி எது, எது சரியாக வரவில்லை. கோடிங் செய்கிறவர்கள் கிட்ஹப் இணைப்பையும், டிசைன் படிப்பவர்கள் பிஹான்ஸ் இணைப்பையும் கொடுக்கலாம். என்பிடெல் என்ற இணையவழிப் படிப்பில் தேர்வு எழுதித் தேறியிருந்தால் போடுங்கள், ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் நடத்தும் அந்தத் தேர்வுக்கு மையத்துக்குப் போய் உட்கார்ந்து எழுத வேண்டும் என்பதால் அதற்கு மதிப்பு இருக்கிறது. பிரீமியம் கணக்குக்குப் பணம் கட்டுவது மாணவருக்குத் தேவையே இல்லை.

சான்றிதழ் வியாபாரமும் அதைவிட மோசமானதும்

இப்போது எனக்குக் கோபம் வருகிற இடத்துக்கு வருகிறேன். 'வர்ச்சுவல் இன்டர்ன்ஷிப்' என்ற பெயரில் லிங்க்ட்இனில் மாணவர்களைக் குறிவைத்து ஒரு வியாபாரம் நடக்கிறது. ஒரு கூகுள் ஃபார்ம் நிரப்பினால் மறுநாளே ஆஃபர் லெட்டர் வரும். நேர்காணல் கிடையாது. முதல் 'டாஸ்க்' என்ன தெரியுமா? அந்த ஆஃபர் லெட்டரை லிங்க்ட்இனில் பதிவிட்டு நிறுவனத்தை டேக் செய்ய வேண்டும், அதன் பக்கத்தைப் பின்தொடர வேண்டும். அப்புறம் கால்குலேட்டர் செய், ஒரு வெப்பேஜ் செய் என்று இரண்டு மூன்று வேலைகள். யூடியூபைப் பார்த்து யாரும் செய்துவிடலாம், வழிகாட்ட எவரும் இல்லை. கடைசியில் சான்றிதழ் வேண்டுமானால் சில நூறு ரூபாய் கட்டச் சொல்வார்கள்.

மாணவருக்கு நஷ்டம் அந்தச் சில நூறு ரூபாயோடு முடிவதில்லை. ஒரு வகுப்பில் நாற்பது பேர் ஒரே வாரத்தில் ஒரே ஆஃபர் லெட்டரைப் போடுகிறார்கள். போடாத இருபது பேர் 'நாம பின்தங்கிட்டோமோ' என்று பதறிப்போய் அவர்களும் சேர்கிறார்கள். அந்த நிறுவனத்துக்கு இலவச விளம்பரம் பெருகிக்கொண்டே போகிறது. இந்தச் சான்றிதழ்களை நேர்காணல் எடுப்பவர்கள் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டார்கள், 'இன்டர்ன்ஷிப்ல என்ன பண்ணீங்க?' என்ற ஒற்றைக் கேள்வியில் எல்லாம் வெளிவந்துவிடும். ஊரில் உள்ள சின்ன வொர்க்‌ஷாப்பிலோ ஆடிட்டர் அலுவலகத்திலோ ஒரு மாதம் உண்மையாக வேலை பார்த்த அனுபவம் இதைவிடப் பல மடங்கு மேல்.

'வேலை வேண்டுவோர் இன்ட்ரஸ்டட் என்று கமென்ட் போடுங்கள்' என்ற பதிவுகளும் இதே ரகம். ஆயிரக்கணக்கானவர்கள் மெயில் முகவரியையும் கைபேசி எண்ணையும் பொதுவெளியில் எழுதிவிட்டுப் போகிறார்கள். பதிவிட்டவருக்குக் கூட்டம் கூடுகிறது, முகவரிகள் மோசடிக்காரர்கள் கையில் சேர்கின்றன. பிறகு 'ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ்', 'லேப்டாப் டெபாசிட்' என்று அழைப்பு வரும். வேலை கொடுப்பவர் வேலைக்காகப் பணம் கேட்டால் அங்கேயே பேச்சை நிறுத்திவிட வேண்டும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கி நிறுத்த வாய்ப்பு அதிகம்.

இதன் மிகக் கொடிய வடிவத்தைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை, ஐடி வேலை என்று சமூக வலைத்தள விளம்பரங்களாலும் ஏஜென்ட்களாலும் இழுக்கப்பட்ட இளைஞர்கள், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடி பகுதிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே அடைத்துவைத்து, இணைய மோசடி வேலை செய்யக் கட்டாயப்படுத்தினார்கள். தமிழக இளைஞர்களும் அதில் சிக்கி, பிறகு மீட்டுக் கொண்டுவரப்பட்டார்கள். 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் ஐடி திறன் உள்ள இளைஞர்கள் குறிவைக்கப்படுகிறார்கள் என்றே எச்சரிக்கை வெளியிட்டது. வெளிநாட்டு வேலை என்று எந்தத் தளத்தில் யார் சொன்னாலும், ஏஜென்ட் இந்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்று இமைக்ரேட் தளத்தில் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைக்க வேண்டும். லிங்க்ட்இனில் ஒரு பக்கம் அழகாக இருப்பதால் அதன் பின்னால் உள்ளவர் உண்மையானவர் ஆகிவிடமாட்டார்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு தொல்லையும் இருக்கிறது. தொழில்முறைத் தளம் என்று பெயர் இருந்தாலும், கோரிக்கையை ஏற்றதும் வேலைக்குச் சம்பந்தமில்லாத செய்திகள் வருவது சகஜமாகிவிட்டது. இதைச் சகித்துக்கொள்ள வேண்டிய அவசியம் துளியும் இல்லை. புகார் கொடுத்து பிளாக் செய்துவிடலாம். கைபேசி எண்ணையும் பிறந்த தேதியையும் வீட்டு முகவரியையும் பக்கத்தில் போடவே வேண்டாம், ஆண்களும்தான்.

தகவல் பாதுகாப்பில் அந்தத் தளத்தின் வரலாறும் சுத்தமானது அல்ல. 2012இல் திருடப்பட்ட கடவுச்சொற்கள் 65 லட்சம் என்று முதலில் தெரியவந்தது. 2016இல்தான் அது 10 கோடியையும் தாண்டியது என்று வெளிப்பட்டது. 2021இல் கோடிக்கணக்கான ப்ரொஃபைல்களிலிருந்து திரட்டிய விவரங்கள் விற்பனைக்கு வந்தன, பொதுவெளியில் இருந்ததைத்தான் சுரண்டி எடுத்திருக்கிறார்கள் என்று நிறுவனம் சொன்னது. 2024இல் பயனர்கள் எழுதுவதைச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் செட்டிங், யாரையும் கேட்காமல் இயங்கும் நிலையில் வைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. செட்டிங்ஸுக்குள் போய் அதை அணைத்துவைக்கலாம். கணக்கு திறந்த அன்றே அதைச் செய்துவிடுவது நல்லது.

எல்லா மாணவருக்கும் இது தேவையா என்றால், இல்லை. டிஎன்பிஎஸ்சிக்கோ வங்கித் தேர்வுக்கோ படிக்கிறவருக்கு இதனால் ஆகப்போவது மிகக் குறைவு, அந்த நேரத்தில் பழைய வினாத்தாள் ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். ஐடிஐ, பாலிடெக்னிக் முடித்து ஷாப் ஃப்ளோருக்குப் போகிறவர்களுக்கும் அப்படித்தான். கோவையின் பம்ப் செட் பட்டறையிலும் ஃபவுண்டரியிலும், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் தொழிற்சாலைகளிலும் அந்த நிலை வேலைகளுக்குத் தெரிந்த அண்ணன் சொல்லி அழைத்துப்போவதும், கான்ட்ராக்டரும், ஐடிஐ வாசலில் ஒட்டும் அறிவிப்பும், வாட்ஸ்அப் குழுவும்தான் வழி. அந்த 2022 ஆய்விலும் இது தெரிந்தது: கணினி சார்ந்த துறைகளில் தூரத்துப் பழக்கம் அதிகம் உதவியது, அப்படி இல்லாத துறைகளில் நெருங்கிய பழக்கமே அதிகம் உதவியது. ஐடி, டிசைன், அனலிடிக்ஸ், மார்க்கெட்டிங், ஆடிட், ஆராய்ச்சிப் படிப்பு என்று போகிறவர்களுக்குத்தான் தளம் முழுப் பயன் தரும். பி.காம் மாணவர் சிஏ ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சிக்கு இடம் தேடவும், எம்.எஸ்சி மாணவர் ஒரு ஆய்வகத்தில் யார் யார் வேலை செய்கிறார்கள் என்று பார்க்கவும் நன்றாகவே உதவுகிறது.

தினமும் ஸ்க்ரோல் செய்வதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். அங்கே வருவது பெரும்பாலும் பிறர் வெற்றிச் செய்திதான், நிராகரிக்கப்பட்ட கதையை மிகச் சிலரே எழுதுகிறார்கள். ஆஃபர் இல்லாத மாணவர் அதை இரவு பதினோரு மணிக்குப் படுத்துக்கொண்டு பார்ப்பது மனதுக்கு நல்லதல்ல. வாரத்துக்கு ஒரு முறை, தேட வேண்டியதை எழுதி வைத்துக்கொண்டு போய், தேடிவிட்டு வெளியே வந்தால் போதும்.

கேம்பஸை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதையும் கடந்த சில வருடங்கள் காட்டிவிட்டன. 2022இல் ஆஃபர் லெட்டர் கையில் வாங்கிய பலர் சேரும் தேதிக்காக ஒரு வருடத்துக்கும் மேல் காத்திருந்தார்கள். அடுத்த இரண்டு பேட்ச்களுக்கு வந்த நிறுவனங்களே குறைவு. அந்த நேரத்தில் ஆஃப் கேம்பஸில் எங்கே தட்டுவது என்று தெரிந்தவர்கள் சீக்கிரம் கரையேறினார்கள். தெரியாதவர்கள் சென்னைக்கு வந்து மேன்ஷனில் தங்கி, கன்சல்டன்சிகளுக்குப் பணம் கட்டினார்கள்.

அதனால்தான் இதைக் கடைசி வருடத்தில் ஒரு கட்டளையாகச் சொல்லிவிட்டுப் போகாமல், இரண்டாம் ஆண்டிலேயே பாடமாக உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும் என்கிறேன். தென்னாப்பிரிக்காவில் பலன் கொடுத்தது கணக்கு வைத்திருப்பது மட்டும் அல்ல, எப்படிப் பயன்படுத்துவது என்ற அந்தச் சில மணி நேரம். 2022 முதல் தமிழ்நாடு அரசின் 'நான் முதல்வன்' திட்டம் அரசு, தனியார் கல்லூரிகளில் செமஸ்டர்தோறும் திறன் பயிற்சி நடத்துகிறது, வகுப்பும் நேரமும் ஏற்கெனவே இருக்கின்றன. அதற்குள் ஒரு மதிய வேளையை இதற்கு ஒதுக்கலாம்: முன்னாள் மாணவர்களைத் தேடுவது, கேள்வி எழுதுவது, போலி இன்டர்ன்ஷிப்பை அடையாளம் காண்பது, எதை மறைத்துவைப்பது. பிளேஸ்மென்ட் ஆபிசர் ஒருவரே நடத்திவிடலாம்.

வேலைக்குப் போய்விட்டவர்களிடமும் கேட்க ஒன்று இருக்கிறது. உங்கள் ப்ரொஃபைலில் பல்கலைக்கழகத்தோடு படித்த கல்லூரியின் பெயரையும் சேர்த்துவிடுங்கள். அந்தப் பெயரைப் போட்டுத் தேடிக்கொண்டு உங்கள் ஜூனியர்கள் வருவார்கள். வந்து ஏதாவது கேட்டால், 'இப்ப எங்ககிட்ட ஓப்பனிங் இல்லப்பா, ஆனா இதைக் கத்துக்கோ' என்று ஒரு வரி பதில் போடுங்கள்.